மாதக்கணக்கில் கூட வரும் கதை: நெடுந்தொடர் நாவலைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்த தொடர்கதைகளை அம்மா சணல் நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு, அதில் அடுக்கி வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் கதை ஓடும். புரட்டினால் தலைவலித் தைல விளம்பரம். ஒரு கதையின் நடுவில் மட்டும் மூன்று வாரப் பக்கங்கள் இல்லை. இரவல் போய்த் திரும்பாதவை. அந்த மூன்று வாரமும் என்ன நடந்தது என்பதை அம்மா அரிசி களைந்துகொண்டே எனக்குச் சொன்னார். பின்னாளில் முழுப் புத்தகமும் கைக்கு வந்தபோது முதல் வேலையாக அந்த அத்தியாயங்களைத்தான் தேடிப் படித்தேன். அம்மா சொன்ன வரிசை அப்படியே இருந்தது. யார் எந்தக் குதிரையில் வந்தான் என்பது உட்பட.

படித்து இருபது வருடம் ஆன பிறகும் ஒரு கதை அப்படித் தங்கியிருக்கக் காரணம், அவர் அதோடு மாதக்கணக்கில் வாழ்ந்தார் என்பதுதான். அப்படி வாழ்ந்து பார்க்க ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல பாகங்கள் கொண்ட நாவலைத் தேர்ந்தெடுப்பதும், தேர்ந்தெடுத்ததை நடுவழியில் விட்டுவிடாமல் படிப்பதும் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டிய விஷயங்கள்.

முதலில் உங்கள் நாளைப் பாருங்கள்

புத்தகக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். ஒரு நாளில் எந்த நேரம் உண்மையிலேயே உங்களுடையது? இரவு படுக்கும் முன் அரைமணி நேரமா, பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் இருபது நிமிடமா, ஞாயிற்றுக்கிழமை மதியமா? தினமும் கொஞ்சம் கிடைப்பவருக்கு ஏற்ற புத்தகம் வேறு, வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம் கிடைப்பவருக்கு ஏற்ற புத்தகம் வேறு.

கல்கியின் பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்வோம். ஐந்து பாகங்கள்: புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம். மொத்தம் 293 அத்தியாயங்கள். ஓர் அத்தியாயத்துக்கு எனக்குப் பதினைந்து இருபது நிமிடம் ஆகிறது. இரவுக்கு இரண்டு என்று வைத்தால் 147 இரவுகள், அதாவது ஏறத்தாழ ஐந்து மாதம். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 1950இல் கல்கி இதழில் தொடங்கி 1954இல் முடிந்த கதை இது. அன்றைய வாசகர்கள் மூன்றரை ஆண்டு காத்திருந்து படித்ததை நீங்கள் ஐந்து மாதத்தில் படித்துவிடப் போகிறீர்கள்.

இதில் புதியவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு நுட்பம் இருக்கிறது. தமிழில் நாம் கொண்டாடும் நெடுங்கதைகளில் பெரும்பாலானவை வாரத் தொடராக வந்தவை. வாரத்துக்கு ஓரிரு அத்தியாயம்தான் தீனி. அதனால் அத்தியாயத்தின் முடிவில் ஒரு முடிச்சு விழும். அடுத்ததன் தொடக்கத்தில் போன வாரம் விட்ட இடத்தை எழுத்தாளர் லேசாக நினைவூட்டுவார். ஒரே நாளில் இருபது அத்தியாயம் படித்தால் இந்த நினைவூட்டல்கள் சலிப்பைத் தரும், முடிச்சுகளும் பழகிப்போகும். "ஏன் சொன்னதையே சொல்கிறார்?" என்று கேட்கிறவர்கள் அநேகமாக வேகமாகப் படித்தவர்கள்தான். தினமும் இரண்டு என்று வைத்துப் பாருங்கள், அதே நினைவூட்டல் கைகொடுக்கும். ஆகவே சேர்ந்தாற்போல் நேரம் கிடைப்பவர்களைவிட, தினம் கொஞ்சம் கிடைப்பவர்களுக்குத்தான் இந்த வகை நாவல்கள் நன்றாகப் பொருந்துகின்றன.

தொடர் என்றால் எந்தத் தொடர்?

தொடர் என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வேறு வேறு பொருள்களைச் சொல்கிறோம்.

ஒரே கதை பல பாகங்களாக ஓடுவது முதல் வகை. பொன்னியின் செல்வன், சிவகாமியின் சபதம், மூன்று பாகங்கள் கொண்ட சாண்டில்யனின் கடல் புறா, தஞ்சைப் பெரிய கோயில் எழும்பிய கதையை ஆறு பாகங்களில் சொல்லும் பாலகுமாரனின் உடையார் எல்லாம் இதில் சேரும். முதல் பாகத்தை விட்டுவிட்டு மூன்றாவதை எடுத்தால் ஒன்றும் புரியாது.

இரண்டாவது, அதே நாயகர்கள், ஆனால் ஒவ்வொரு புத்தகத்திலும் தனிக்கதை. சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதைகள் இதற்கு நல்ல உதாரணம். எந்தப் புத்தகத்திலிருந்தும் தொடங்கலாம். ஒன்றைப் படித்துவிட்டு ஆறு மாதம் கழித்து இன்னொன்றை எடுக்கலாம். அடிக்கடி ஊர் மாறுகிறவர்கள், பரீட்சைக்குப் படிப்பவர்கள், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இருப்பவர்கள் இந்த வகையில் தொடங்குவது நல்லது. படிப்பு அறுந்துபோனாலும் எதுவும் கெட்டுவிடாது.

மூன்றாவது வகை, ஒரே உலகத்துக்குள் தனித்தனி நாவல்கள். தமிழில் இதன் சிகரம் ஜெயமோகனின் வெண்முரசு. மகாபாரதத்தைத் திரும்பச் சொல்லும் 26 நாவல்கள். 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை இணையத்தில் நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வெளிவந்தன. முதற்கனல் தொடங்கி முதலாவிண் வரை வரிசையாகவும் படிக்கலாம். ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் நாவலும்கூட. கண்ணனையும் ராதையையும் பற்றிய நீலத்தை மட்டும் படித்துவிட்டு, கவிதை படித்த நிறைவோடு அத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. கர்ணன் மேல் பிரியம் உள்ளவர்கள் வெய்யோனிலிருந்து தொடங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு எந்த வகை வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

குரலைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்

மற்ற எதையும்விட இது முக்கியம் என்று நினைக்கிறேன். நீளமான கதையைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் கதைச் சுருக்கத்தைப் பார்க்கிறார்கள். சோழர் கதையா, கடற்போரா, துப்பறிவதா என்று கேட்கிறார்கள். ஐந்து மாதம் உங்கள் காதருகே உட்கார்ந்து பேசப் போவது அந்த எழுத்தாளரின் குரல். அது பிடிக்காவிட்டால் எவ்வளவு பெரிய போர் வந்தாலும் இரண்டாம் பாகத்தைத் தாண்ட மாட்டீர்கள்.

பொன்னியின் செல்வனின் முதல் அத்தியாயத்தைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பாருங்கள். ஆடிப் பதினெட்டு. வீரநாராயண ஏரிக்கரையில் ஓர் இளைஞன் குதிரையில் வருகிறான். ஏரி நிறைந்து கிடக்கிறது. கரையின் கணவாய்கள் எழுபத்து நான்கு என்ற கணக்கு வருகிறது. சனங்கள் சித்திரான்னம் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள், பெண்கள் பாடுகிறார்கள். அப்போது பனைமரக் கொடி பறக்கும் படகுகள் வருகின்றன; கட்டியக்காரர்கள் சனங்களை ஒதுக்கித் தள்ளுகிறார்கள். இவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் அந்த ஓர் அத்தியாயத்திலேயே நாட்டின் செழிப்பும், அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதும், இந்த இளைஞன் வேடிக்கை பார்த்துக்கொண்டு சும்மா நிற்பவன் இல்லை என்பதும் தெரிந்துவிடுகிறது. எழுத்தாளர் வாசகரைக் கைபிடித்து அழைத்துப் போகிறார். நடுவில் நிறுத்திச் சரித்திரமும் சொல்கிறார். அந்த நிறுத்தம் உங்களுக்குச் சுகமாக இருந்தால் ஐந்து பாகமும் சுகமாக இருக்கும். "கதையைச் சொல்லுங்கள் ஐயா" என்று மனம் பரபரத்தால் உங்களுக்கு வேறு எழுத்தாளர் வேண்டும்.

வெண்முரசின் குரல் முற்றிலும் வேறு. வடசொற்களைப் பெரிதும் தவிர்த்த, செறிவான தமிழ். முதற்கனல், நாகர்குலத்து மானசாதேவி தன் மகன் ஆஸ்திகனுக்குக் கதை சொல்வதிலிருந்து தொடங்குகிறது. முதல் பத்துப் பக்கங்களில் புதிய சொற்கள் வந்து மோதும். கொஞ்சம் பொறுத்தால் காது பழகிவிடும். எனக்கு ஒரு வாரம் பிடித்தது. மகாபாரதக் கதை அரைகுறையாகத்தான் தெரியும் என்பவர்கள் முதலில் ராஜாஜியின் வியாசர் விருந்தைப் படித்துவிட்டு வருவது உத்தமம். யார் யாருக்கு என்ன உறவு என்பது தெரிந்துவிட்டால், வெண்முரசு அந்த உறவுகளுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்பதை நிம்மதியாக அனுபவிக்கலாம்.

சோதித்துப் பார்க்க என் வழி இது. மூன்று இரவு, இரவுக்கு ஓர் அத்தியாயம். நான்காம் நாள் புத்தகத்தைத் தொடாதீர்கள். அன்று பஸ்ஸுக்கு நிற்கும்போதோ பாத்திரம் துலக்கும்போதோ, கதையில் வந்த யாராவது ஒருவர் தானாக நினைவுக்கு வருகிறாரா என்று பாருங்கள். "அந்தப் பையன் கடம்பூர் மாளிகைக்குள் எப்படி நுழைந்திருப்பான்?" என்று ஒரு கேள்வி எழுந்தாலே போதும், அந்தத் தொடர் உங்களுடையது. எதுவும் எழவில்லையென்றால் வருத்தமில்லாமல் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஊரே புகழும் நாவல் நமக்குப் பிடிக்காமல் போவதில் தப்பே இல்லை. நமக்கு இன்னும் அதன் வேளை வரவில்லை, அவ்வளவுதான்.

எதை முதலில் படிப்பது?

எழுதப்பட்ட வரிசையும் கதைக்குள் ஓடும் காலமும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. கல்கி பார்த்திபன் கனவை முதலில் எழுதினார். அதன் பிறகுதான் சிவகாமியின் சபதம். ஆனால் கதைக் காலத்தில் சிவகாமியின் சபதம்தான் முந்தியது. பார்த்திபன் கனவில் நாட்டை ஆள்கிற நரசிம்ம பல்லவரை, சிவகாமியின் சபதத்தில் இளவரசராகச் சந்திக்கிறோம்.

எழுத்தாளர் எழுதிய வரிசையில் படியுங்கள் என்பதே என் அபிப்பிராயம். பார்த்திபன் கனவு மூன்று சிறிய பாகங்கள். நெடுங்கதைக்குப் புதியவருக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் இல்லை. அதை முடித்துவிட்டு நான்கு பாகங்கள் கொண்ட சிவகாமியின் சபதத்துக்கு வந்தால், கம்பீரமான அந்தச் சக்கரவர்த்தி வாலிபத்தில் எதையெல்லாம் கடந்து வந்தார் என்பது தெரியத் தெரிய மனம் கனக்கும். வரிசையை மாற்றினால் அந்தக் கனம் கிடைக்காது. பிறகு பொன்னியின் செல்வன். இந்த மூன்றையும் இதே வரிசையில் படித்தவர்கள் கல்கியின் கை எப்படி விரிந்துகொண்டே போகிறது என்பதையும் கண்ணால் பார்க்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு நாவலின் தொடர்ச்சியாக வேறொருவர் எழுதியவையும் உண்டு. பொன்னியின் செல்வன் முடிந்த இடத்திலிருந்து விக்கிரமன் நந்திபுரத்து நாயகியை எழுதினார். அதை அதே குரலை எதிர்பார்த்து எடுக்காதீர்கள். வேறொருவர் வீட்டில் பழைய நண்பர்களைச் சந்திக்கப் போகிறோம் என்ற மனநிலையில் போனால் நன்றாக இருக்கும்.

பதிப்பைப் பார்த்து வாங்குங்கள்

இதில் நான் பட்டு அறிந்திருக்கிறேன். கல்லூரிக் காலத்தில் ஒரு புத்தகக் கண்காட்சியில் ஐந்து பாகங்களும் ஒரே தொகுதியாக மலிவு விலைக்குக் கிடைத்ததே என்று வாங்கி வந்தேன். எழுத்து எறும்பு அளவு. நடுமுதுகில் பிரித்தால் ஒட்டு விடும். மூன்றாம் பாகத்தில் ஒரு படிவமே மாறிக் கட்டப்பட்டு, பதினாறு பக்கம் இரண்டு தடவை வந்தது. அந்த இடத்தில் வர வேண்டிய பதினாறு பக்கம் இல்லவே இல்லை. நாலு நாள் தாங்காமல் தவித்து, நூலகத்துக்கு ஓடி மிச்சத்தைப் படித்தேன்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் கடையில் பத்து விதமான பதிப்புகள் இருக்கும். வாங்கும் முன் செய்ய வேண்டியவை இவை. அட்டையிலோ உள்ளேயோ "சுருக்கம்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பொருளடக்கத்தைப் பிரித்து அத்தியாயங்களை எண்ணுங்கள். புது வெள்ளத்தில் 57, சுழற்காற்றில் 53, அடுத்த இரண்டு பாகங்களிலும் 46, தியாகச் சிகரத்தில் 91 இருக்க வேண்டும். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு பத்தி படியுங்கள். அதற்குள் இரண்டு அச்சுப்பிழை வந்தால் வைத்துவிடுங்கள். பாகம் பாகமாகத் தனியாக வரும் பதிப்பே படுத்துக்கொண்டு படிக்க உகந்தது. முதலில் முதல் பாகத்தை மட்டும் வாங்குங்கள். ஐந்தையும் ஒன்றாக வாங்கி அலமாரியில் அடுக்கினால் அது கடன் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கும்.

தொடராக வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்களோடு உள்ள பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். வந்தியத்தேவனும் குந்தவையும் தமிழர் மனத்தில் எந்த முகத்தோடு இருக்கிறார்கள் என்பதை அந்தக் கோடுகள்தான் தீர்மானித்தன. அவருடைய மகன் மணியம் செல்வன் பின்னாளில் ஆனந்த விகடனில் சு. வெங்கடேசனின் வேள்பாரிக்கு வரைந்தார். இரண்டு தொகுதிகளில் முடியும் அந்த நாவலும், காடும் மலையும் பிடிக்கும் என்பவர்களுக்கு நான் தயங்காமல் கொடுக்கும் ஒன்று.

பணம் செலவழிக்க வேண்டாம் என்றால் கிளை நூலகம் இருக்கிறது. மதுரைத் திட்டம் என்ற மின்னூலகத்தில் கல்கியின் நாவல்கள் முழுமையாக, இலவசமாகக் கிடைக்கின்றன. கண் வலிக்கிறவர்களுக்கு ஒலிநூல் உண்டு; பாம்பே கண்ணன் பலகுரல்களோடு தயாரித்த பொன்னியின் செல்வனைக் கேட்டே முழுக்கதையையும் அறிந்த பெரியவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். காதால் கேட்பதும் படிப்புதான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு

தொடங்குகிற அன்றே ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் வம்ச மரம், இரண்டாம் பக்கத்தில் ஊர்கள், மூன்றாவதிலிருந்து ஆட்கள். சரித்திர நாவலில் ஓர் ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். அருள்மொழிவர்மரும் பொன்னியின் செல்வரும் ஒருவரே. பழுவேட்டரையர் என்றால் பெரியவரா சின்னவரா என்று பார்க்க வேண்டும். ஒரு பெயர் முதன்முதலில் வரும்போது அத்தியாய எண்ணையும் ஓர் அடையாளத்தையும் எழுதிவையுங்கள். "ஆழ்வார்க்கடியான்: முன்குடுமி, கைத்தடி, சண்டைக்காரர்" என்று என் நோட்டில் இருக்கிறது. அவரைப் பற்றிய என் எண்ணம் மாற மாறப் பக்கத்திலேயே வேறு மையில் எழுதியிருக்கிறேன்.

வம்ச மரத்தை இணையத்தில் தேடாதீர்கள். யார் எப்போது இறந்தார், யார் யாரை மணந்தார் எல்லாம் அதிலேயே இருக்கும். 2022இலும் 2023இலும் வந்த திரைப்படங்களைப் பார்த்துவிட்டுப் படிக்க வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: படத்தில் நாவல் வெகுவாகச் சுருங்கியிருக்கிறது, மாறியும் இருக்கிறது. கதை தெரியுமே என்று தயங்க வேண்டாம்.

நடுவில் ஓர் இடத்தில் நிச்சயம் தளர்ச்சி வரும். பெரும்பாலும் மூன்றாம் பாகத்தின் பக்கம். புதிய ஆட்கள் வந்திருப்பார்கள், பிடித்தவர் பத்து அத்தியாயமாகக் கண்ணில் படமாட்டார். அப்போது பக்கங்களைத் தாண்டிப் புரட்டுவதைவிட ஒரு வாரம் நிறுத்திவிடுவது மேல். நிறுத்துவதற்கு முன் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: யார் எங்கே இருக்கிறார், யாருக்கு எது தெரியாது, நான் எதற்காகக் காத்திருக்கிறேன். திரும்பி வரும்போது அந்த மூன்று வரி கதவைத் திறந்துவிடும். கூடப் படிக்க ஓர் ஆள் இருந்தால் இன்னும் நல்லது. நானும் என் அத்தை மகளும் வேறு வேறு ஊரில் இருந்துகொண்டு உடையாரைப் படித்தோம். ஞாயிறு இரவு போன் பேசும்போது, "நீ எங்கே இருக்கிறாய்?" என்றுதான் முதலில் கேட்பாள். தஞ்சாவூரில் எந்தத் தெருவில், கோயில் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று நான் பதில் சொல்ல வேண்டும்.

கடைசிப் பாகத்தை எடுத்ததும் பின்பக்கத்தைப் புரட்டாதீர்கள். பொன்னியின் செல்வனின் இறுதியில் கல்கி ஒரு முடிவுரை எழுதியிருக்கிறார். வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதிலும், யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்பதும் அதில் இருக்கின்றன. 293 அத்தியாயத்தையும் நடந்து வந்தவருக்கு அது தண்ணீர்ப் பந்தல். முன்கூட்டியே படித்தவருக்கு எல்லா முடிச்சும் அவிழ்ந்துபோன கயிறு.

முடித்த பிறகு உடனே அடுத்த நெடுங்கதையைத் தொடங்க வேண்டாம். சில நாள் வீடு வெறிச்சென்று இருக்கும், இருக்கட்டும். முடிந்தால் ஆடி மாதத்தில் ஒருநாள் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலுக்கு பஸ் ஏறுங்கள். கதையின் வீரநாராயண ஏரி, வீராணம் என்ற பெயரில் அங்கேதான் கிடக்கிறது. பக்கத்தில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில், நாவலின் மையமான ஒரு சம்பவத்தோடு தொடர்புடைய சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. அது என்ன என்று இங்கே சொல்ல மாட்டேன். ஐந்தாம் பாகம் முடித்துவிட்டுப் போய் அதன் எதிரில் நில்லுங்கள்.